கண் சிவக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள்

வெள்ளை விழியில் ஒரு ரத்தத் திட்டைப் பார்த்துவிட்டால் போதும், வள்ளியூரிலிருந்து நடுராத்திரியில் கார் பிடித்து வந்துவிடுகிறார்கள். வலி கிடையாது, பார்வை தெளிவு. பெரும்பாலும் அது இரண்டு வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரானால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்துக்கொண்டால் சரி. விழிக்குப் பின்னால் ரத்தம் கசிந்து, உண்மையிலேயே ஓடி வரவேண்டியவர்கள்தான் மறுநாள் மதியம் நிதானமாக வந்து சேருகிறார்கள்.

அண்மையில் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு பெரியவரை மகன் அழைத்து வந்தார். இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்கப் பல வருடங்களாக அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர். முந்தைய நாள் மாலை, மாட்டுத் தொழுவத்தில் குனிந்து நிமிர்கையில் புருவத்தில் கட்டை இடித்திருக்கிறது. தோல்கூடக் கிழியவில்லை. இரவில் கண்ணுக்குப் பின்னால் தெறிக்கும் வலி, இரண்டு தடவை வாந்தி. பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்து, மெடிக்கலில் வலி மாத்திரையும் வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். நான் பார்க்கும்போது இமை கல்லாக வீங்கி, விழி முன்னே தள்ளி நின்றது. டார்ச் அடித்தும் கண்மணி சுருங்கவில்லை. வெளிச்சம் தெரிகிறதா என்றேன். இல்லை என்றார்.

“ராத்திரி கண் சிவக்கவே இல்லையே டாக்டர்” என்றார் மகன். இதே வார்த்தையை எத்தனை குடும்பங்களிடம் கேட்பது?

ரத்தக் கசிவு விழிக்குப் பின்னால், எலும்புக் குழிக்குள் நடக்கிறது. வெளியே சிவப்பும் கன்றலும் தெரியச் சில மணி நேரம் ஆகலாம், தெரியாமலேயும் போகலாம். அதற்குள் உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசுங்கிவிடும். ஆகவே சிவப்பைத் தேடாதீர்கள். வலி, வாந்தி, விழி பிதுங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல்: இவைதான் அடையாளம். அடிபடாமலும் வரும். பலமாக இருமினாலோ, மலச்சிக்கலில் முக்கினாலோகூடச் சிலருக்குக் கசிந்திருக்கிறது.

பார்வையைக் காப்பாற்ற எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரவே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது, துணியால் இறுக்கிக் கட்டுவது எதற்கும் இதில் நேரமில்லை. கட்டினால் அழுத்தம் இன்னும் ஏறும். 108-ஐ அழையுங்கள். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையானாலும், வேறு பெரிய மருத்துவமனையானாலும், அவசரப் பிரிவுக்கே நேராகப் போங்கள். மாத்திரை அட்டையையும் ஐ.என்.ஆர். சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

இரவுப் பணியிலிருக்கும் இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. விழி பிதுங்கி, கல்போல இறுகி, பார்வை இறங்கிக்கொண்டிருந்தால் ஸ்கேனுக்கு வரிசையில் நிறுத்தாதீர்கள். அழுத்தம் இறங்க, இமைகள் சேரும் வெளி ஓரத்தை வெட்டித் தளர்த்துவது சில நிமிட வேலை. படம் பிறகு எடுக்கலாம்.

இனி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டிலிருப்பவர்களுக்கும். தலைவலி, மூட்டுவலி என்று மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்காதீர்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், படைக்கு விழுங்கும் ஃபுளூகோனசோல் இரண்டுமே அசிட்ரோமின் வேகத்தையும், அதே வகையான வார்ஃபரினின் வேகத்தையும் கூட்டிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள். முருங்கைக்கீரை இந்த மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும் என்றாலும் அதை அடியோடு விடவேண்டாம்; ஒரு வாரம் தினமும், மறுவாரம் துளியும் இல்லை என்று சாப்பிடுவதுதான் தொல்லை. ஐ.என்.ஆர். தேவைப்படாத புது மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இதையெல்லாம் படித்துப் பயந்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நிறுத்தியதால் வால்வில் ரத்தம் உறைந்தவர்களையும், பக்கவாதம் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதேபோல, கண் முகாமில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இந்த மாத்திரையை மறைக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். கண்புரை அறுவைக்கு விழியின் பின்புறம் மரப்பு ஊசி போடும்போதும் இதே கசிவு வரலாம். சொல்லிவிட்டால், ஊசியில்லாமல் சொட்டு மருந்தால் மரக்க வைத்துச் செய்ய முடியுமா என்று பார்ப்போம். மாத்திரையை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை இதய மருத்துவரிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்.