மானிட்டர் இல்லாத சர்வரில் சாகாத டெஸ்க்டாப்

டேட்டா சென்டரில் ஓடும் லினக்ஸ் சர்வருக்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டும் மவுஸும் கிடையாது. இதைத்தான் ஹெட்லெஸ் என்கிறோம். பெரும்பாலான வேலைகளுக்கு, தொலைவிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச்சும், இணைப்பு அறுந்தாலும் அந்தக் கட்டளைகளை ஓடவைக்கும் டிமக்ஸும் போதும். மேட்லேபில் இரவு முழுக்க ஓடும் கணக்கு, க்யூஜிஐஎஸ் வரைபடம், சிப் வடிவமைப்பு மென்பொருள் என்று வந்துவிட்டால் ஜன்னல்கள் வேண்டும். நம் பக்கம் வைஃபை அறுந்தாலும் அவை வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும்.

பலர் முதலில் செய்வது, எஸ்எஸ்ஹெச் கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் (-X) சேர்ப்பது. மென்பொருள் சர்வரில் ஓடும், ஜன்னல் லேப்டாப்பில் திறக்கும். இணைப்பு போனால் மென்பொருளும் போய்விடும். 1987இல் வந்த எக்ஸ்11 அமைப்பில் திரையை வைத்திருக்கும் நிரல்தான் எக்ஸ் சர்வர். நாம் ஓட்டும் மென்பொருள்கள் அதன் கிளையன்ட்கள். இந்த வழியில் எக்ஸ் சர்வர் இருப்பது நம் லேப்டாப்பில். அதனோடு தொடர்பு அறுந்தால் பெரும்பாலான மென்பொருள்கள் பிழை காட்டி அங்கேயே முடிந்துவிடும். செஷன், அதாவது திறந்த ஜன்னல்களோடு ஓடும் டெஸ்க்டாப், சாகாமல் இருக்க வேண்டுமென்றால் எக்ஸ் சர்வரும் அந்தத் தொலைதூரக் கணினியிலேயே இருந்தாக வேண்டும்.

தொலைதூரத் திரையைக் காட்டும் விஎன்சி வகை மென்பொருளான டைகர்விஎன்சி தரும் எக்ஸ்விஎன்சி நிரல் செய்வது அதைத்தான். நினைவகத்தில் ஒரு பகுதியையே அது திரையாக வைத்துக்கொள்கிறது. 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் மொத்தம் 82,94,400 பைட், சுமார் 8 எம்பி. மென்பொருள்களுக்கு அது நிஜமான திரைதான். வெளியுலகத்தோடு அதே நிரல் ஆர்எஃப்பி என்ற நெறிமுறையில் பேசுகிறது. முழுத் திரையையும் விநாடிக்கு 30 முறை அப்படியே அனுப்பினால் ஏறத்தாழ 250 எம்பி ஆகும், எந்த வீட்டு இணைப்பும் தாங்காது. அதனால் பார்க்கும் கணினி கேட்கும்போதுதான் படம் போகும், அதுவும் முன்பு அனுப்பியதிலிருந்து மாறிய செவ்வகங்கள் மட்டும், சுருக்கப்பட்டு. கேட்க ஆளில்லை என்றால் அனுப்புவது மட்டும் நிற்கும். உள்ளே வரைவது தொடரும். லேப்டாப்பை மூடிவிட்டு மறுநாள் வேறு கணினியிலிருந்து வந்தாலும் கர்சர் விட்ட இடத்தில் இருப்பது இதனால்தான்.

உபுண்டுவிலோ டெபியனிலோ டைகர்விஎன்சி ஸ்டாண்ட்அலோன் சர்வர், எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டிபஸ்-எக்ஸ்11 ஆகிய தொகுப்புகளை நிறுவுங்கள். ஜினோம் டெஸ்க்டாப் வேண்டாம். அதன் ஷெல் முப்பரிமாண வரைகலையை நம்பி ஓடுவது. ஜிபியு கிடைக்காத இடத்தில் அந்த வேலை முழுவதும் சிபியு தலையில் விழும்.

அதிகம் தடுமாற வைப்பது, டெஸ்க்டாப்பைத் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட்டப் என்ற சிறு ஸ்கிரிப்ட். உள்ளே மூன்று வரி போதும். முதல் இரண்டு, செஷன் மேனேஜர், டிபஸ் முகவரி ஆகிய சூழல் மாறிகளை அழிப்பவை. பழைய செஷனின் முகவரி ஒட்டிக்கொண்டு வந்தால் டெஸ்க்டாப் தவறான இடத்தில் போய்த் தட்டி, கறுப்புத் திரையோடு நின்றுவிடும். மூன்றாவது வரி, எக்ஸெக் (ஸ்கிரிப்ட்டின் இடத்தில் அந்த நிரலையே ஓடவிடும் கட்டளை) போட்டு எக்ஸ்எஃப்சிஇயைத் தொடங்குவது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அந்த வரியின் முடிவில் ஆம்பர்சாண்ட் (&) குறி போட்டுவிடாதீர்கள். டெஸ்க்டாப் பின்னணிக்குப் போகும், ஸ்கிரிப்ட் உடனே முடியும். ஸ்கிரிப்ட் முடிந்தால் செஷன் முடிந்தது என்று டைகர்விஎன்சி எல்லாவற்றையும் மூடிவிடும்.

விஎன்சி பாஸ்வேர்டை நம்பி இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. அந்தப் பழைய முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது. விஎன்சி சர்வரை லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளுக்கு மட்டும் காது கொடுக்க விட்டு, எஸ்எஸ்ஹெச் சுரங்கம் வழியாக உள்ளே போங்கள். திரை எண்ணோடு 5900ஐக் கூட்டினால் போர்ட் எண். 1ஆம் திரைக்கு 5901. லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு பெரிய எழுத்து எல் (-L) சேர்த்து 5901:லோக்கல்ஹோஸ்ட்:5901 என்று கொடுத்தபின், விஎன்சி வியூவரில் லோக்கல்ஹோஸ்ட்:1 என்று இணையலாம்.

அடுத்த கேள்வி, எக்ஸ்விஎன்சி நிரலைக் கொல்லும் உரிமை யாருக்கு? எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து கையால் தொடங்கினால், அது அந்த லாகினின் பிள்ளை. லினக்ஸில் சேவைகளையும் லாகின்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 2016இல் வந்த 230ஆம் பதிப்பு, லாகின் முடியும்போது அதன் நிரல்கள் எல்லாவற்றையும் கொல்வதை இயல்பாக்கியது. டெபியனும் உபுண்டுவும் அதை அணைத்து வைத்திருக்கின்றன, ஆனால் நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் இயக்கிவிடலாம். சிஸ்டம்டி சேவையாகத் தொடங்குவதே சரியான வழி. டைகர்விஎன்சி 1.11 முதல் இதற்கான சேவைக் கோப்பு கூடவே வருகிறது. விஎன்சிசர்வர் யூசர்ஸ் கோப்பில் :1=பயனர்பெயர் என்று எழுதி, 1ஆம் திரைக்கான சேவையை எனேபிள் செய்தால் சர்வர் ரீபூட் ஆன பின்பும் டெஸ்க்டாப் தானாக எழும். திறந்திருந்த ஜன்னல்கள் திரும்பி வராது. அவை இருந்தது நினைவகத்தில்.

எக்ஸ்விஎன்சியை வலுக்கட்டாயமாகக் கொன்றால் டெம்ப் ஃபோல்டரில் எக்ஸ்1 பூட்டுக் கோப்பும் அதன் சாக்கெட்டும் மிஞ்சும். அடுத்த முறை 1ஆம் திரை ஏற்கெனவே ஓடுகிறது என்று பிழை வரும். அந்த நிரல் நிஜமாகவே ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு இரண்டையும் அழித்தால் போதும்.

விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு, அதன் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவே இணைய விடும் எக்ஸ்ஆர்டிபி வசதி. அதன் போர்ட் 3389. பயனரையும் நிற ஆழத்தையும் வைத்துத்தான் அது பழைய செஷனை அடையாளம் காணும். நேற்று 32 பிட், இன்று 16 பிட் என்று வந்தால் புதிய டெஸ்க்டாப் திறக்கும். பழையது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். வேலை அழிந்துவிட்டதாக நினைத்துப் பதறுபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கட்டும். எக்ஸ்ஆர்டிபியின் செஸ்மேன் அமைப்புக் கோப்பில், இணைப்பு அறுந்த செஷனைக் கொல்லச் சொல்லும் கில்டிஸ்கனெக்டட் என்பது ஃபால்ஸ் என்று இருக்க வேண்டும்.

அமைத்து முடித்ததும் டெர்மினலில் விநாடிக்கு ஒரு எண் எழுதும் வளையம் ஒன்றை ஓடவிட்டு, வியூவரை மூடாமல் வைஃபையைத் துண்டியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இணையும்போது எண் சுமார் 300 கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தால், அந்தப் பயனரின் எல்லா எஸ்எஸ்ஹெச் லாகின்களையும் வெளியேற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். லாகினோடு கட்டப்பட்ட செஷன் முதல் சோதனையில் தேறி, இதில்தான் மாட்டும்.