உண்ணிக் காய்ச்சல்: ரத்தம் எடுக்கும் முன் கருப்புப் பக்கைத் தேடுங்கள்

மழை முடிந்ததும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் விடாத காய்ச்சல் என்றால் டெங்குக்கும் டைபாய்டுக்கும் உடனே பரிசோதனை எழுதுகிறார்கள். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் பல நேரம் விட்டுப்போகிறது. ஊருணிக் கரைப் புதர், சீமைக்கருவேலங்காடு, பூட்டிக் கிடக்கும் வீட்டின் பின்கட்டில் மண்டிய செடி என எலி நடமாடும் இடங்களில் இதைப் பரப்பும் சிற்றுண்ணி இருக்கும். கடித்தால் வலிக்காது.

இதற்குக் காரணமான ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டிலில் எத்தனை நாள் வைத்தாலும் வளராது. அந்த 'நெகட்டிவ்' இந்த நோயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசாவில் தெரிய பெரும்பாலும் முதல் வாரம் கழிய வேண்டும். அந்த வாரத்தில்தான் பிசிஆர் கைகொடுக்கிறது. கிருமியின் டிஎன்ஏவில் ஒரு துண்டை மட்டும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும்; கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும்.

ஆனால் ரத்தத்தில் கிருமி குறைவு. கடித்த இடத்தில் வரும் பக்கில்தான் நிறைய இருக்கும். சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கருப்பு, சுற்றிலும் சிவப்பு. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் அழுத்தும் இடுப்பு, காதுக்குப் பின்னால் என்று ஆடையை விலக்கித்தான் பார்க்க வேண்டும். வியர்வை தங்கும் மடிப்புகளில் கருக்காமல் வெளிர்மஞ்சள் புண்ணாகவும் இருக்கும். இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

கிடைத்தால் ஸ்டெரைல் ஃபோர்செப்ஸால் பக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கி எடுத்து, உலர்ந்த ஸ்டெரைல் குழாயில் போடுங்கள். ஃபார்மலின் ஊற்றாதீர்கள், டிஎன்ஏ சிதைந்துவிடும். பக்கு கிடைக்காதவர்களுக்கு ஊதா மூடி இடிடிஏ குழாயில் 2 முதல் 4 மில்லி ரத்தம், 2–8 டிகிரியில். பச்சை மூடி ஹெப்பாரின் குழாய் வேண்டாம். ஹெப்பாரின் பிசிஆர் நொதியையே தடுக்கும். வெள்ளணுப் படலத்தைப் பிரித்து டிஎன்ஏ எடுக்க வேண்டியிருப்பதால் ரத்தத்தை ஃப்ரீசரில் வைக்காமல் அனுப்புங்கள். இந்த நோய்க்கான ஆன்டிபயாடிக் டாக்ஸிசைக்ளின் தொடங்கிய பின் எடுத்த ரத்தம் நெகட்டிவாக வரலாம். பக்கில் அதற்குப் பிறகும் சில நாள் டிஎன்ஏ கிடைக்கும்.

ரிப்போர்ட்டில், பிசிஆர் ஒழுங்காக நடந்ததா என்று காட்டும் இன்டர்னல் கன்ட்ரோலையும் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் அது நெகட்டிவ் அல்ல, செல்லாத பரிசோதனை. மாதிரியை மறுபடி கேளுங்கள்.

முடிவுக்காக மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. மாதிரி எடுத்த கையோடு, பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளைக்கு இருவேளை, 7 நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியிடம் பலிக்காது. சரியான மருந்து என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் வேறு நோயையும் சேர்த்துத் தேட வேண்டும்.