சளிக்குள் ஒளிந்து வரும் டி68 வைரஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியிலும் சிகாகோவிலும் குழந்தைகள் மருத்துவமனைகளில் மூச்சிரைப்போடு வரும் பிள்ளைகள் திடீரென்று அதிகமானார்கள். பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூட இல்லை. கன்சாஸ் சிட்டியிலிருந்து அனுப்பிய 22 மாதிரிகளில் 19இல் என்டரோவைரஸ் டி68 இருந்தது. அடுத்த ஜனவரி நடுப்பகுதிக்குள் 49 மாநிலங்களில் 1,153 பேருக்கு இது உறுதியானது. உண்மையில் தொற்றியவர்கள் இதைவிட மிக அதிகம். பரிசோதனைக்குப் போனவர்கள் பெரும்பாலும் மூச்சுத்திணறி வந்தவர்கள்தான்.

டி68 போலியோ வைரஸின் உறவு. ஆனால் வயிற்று அமிலத்தை இது தாங்காது; 33 டிகிரி செல்சியஸில், அதாவது மூக்குக்குள் இருக்கும் வெப்பத்தில், நன்றாகப் பெருகும். அதனால் சாதாரண ஜலதோஷம் போலவே பரவுகிறது.

சிக்கல் பரிசோதனையில்தான் இருக்கிறது. மருத்துவமனைகளில் செய்யும் பிசிஆர், அதாவது வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை, பெரும்பாலும் இந்த வைரஸ் குடும்பத்துக்கே பொதுவான ஒரு மரபணுப் பகுதியைத்தான் பார்க்கும். 'ரைனோ அல்லது என்டரோ' என்று முடிவு வரும். ஜலதோஷ வைரஸான ரைனோவும் டி68ம் அங்கே ஒன்றுதான். பிரித்தறிய, வைரஸின் மேலுறைப் புரதமான விபி1இன் மரபணு வரிசையைப் படிக்க வேண்டும், அல்லது டி68க்கென்றே செய்த பிசிஆர் வேண்டும். இந்த இரண்டாவது படியைச் செய்யாத ஊரில் டி68 வந்துபோனதே யாருக்கும் தெரியாது.

சரி, மருத்துவமனைக்கே வராதவர்களை எப்படி எண்ணுவது? சாக்கடை நீர் உதவுகிறது. விழுங்கிய சளியும் மலமும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. வைரஸ் துணுக்குகள் திடப்பொருளில் ஒட்டிக்கொள்வதால், சுத்திகரிப்பு நிலையத்தில் அடியில் படியும் கசடை எடுத்து, வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவை அளக்கிறார்கள். மழை பெய்து நீர்த்துப்போனால்? இதற்கு ஓர் அழகான வழி உண்டு. மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ், சாப்பாட்டின் வழியே பெரும்பாலானவர்களின் மலத்தில் ஏராளமாக வெளியேறும். அதையும் கூடவே அளந்து ஒப்பிட்டால், எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பது புரிந்துவிடும். யாரையும் தொந்தரவு செய்யாமல் ஊர் முழுவதையும் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

இவ்வளவு பாடுபடக் காரணம், அரிதாகச் சில பிள்ளைகளுக்குச் சளி வந்த ஒரு வார அளவில் கையோ காலோ திடீரெனத் தளர்ந்துவிடுவது. 2018இல் அமெரிக்காவில் 238 பேருக்கு இப்படி ஆனது. முதுகுத்தண்டு நீரில் இந்த வைரஸ் அநேகமாக அகப்படுவதில்லை. மூக்கிலிருந்தும் சில நாட்களில் போய்விடும். ஊரில் டி68 சுற்றுகிறது என்று முன்பே தெரிந்த மருத்துவர், தளர்ந்த கையைப் பார்த்த அன்றே மூக்குச் சளியையும் எடுத்து அனுப்பிவிடுவார்.