மானிட்டரைப் பார்க்காத இயக்குநர்

எடிட் டேபிளில் எனக்குப் பதினைந்து வருஷம். பெரும்பாலும் டிவி காமெடிதான். ஒரு காட்சியில் சிரிப்பு வரவில்லையா, உடனே “அங்க ஒரு சவுண்டு போட்டுடுங்க” என்பார்கள். சிரிக்கத் தூண்டும் ஓசை ஏதாவது. போடுவேன். ஒருமுறை அப்படி நான் வெட்டிய எபிசோடை அம்மா டிவியை மியூட் செய்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “தலை வலிக்குதுப்பா” என்றார்.

அமெரிக்க டிவி காமெடி இயக்குநர் ஜேம்ஸ் பரோஸ் 2022இல் எழுதிய நினைவுக் குறிப்பைப் படித்தபோது அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. ‘சியர்ஸ்’ என்ற காமெடித் தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவர். அதில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளை இயக்கியவர். ‘ஃப்ரெண்ட்ஸ்’ முதல் எபிசோடும் அவருடையதுதான். ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டிய கை. ஆனால் படப்பிடிப்பில், கேமரா பார்ப்பதை அப்படியே காட்டும் மானிட்டர் முன்னால் உட்கார மாட்டார். நான்கு கேமராக்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே வசனத்தைக் காதால் கேட்பார். தாளம் தப்பினால் காதுக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

இது நாடகமேடைப் பழக்கம். அப்பா ஏப் பரோஸ், நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் பெரிய பெயர். அவர் எழுதி 1966இல் படுத்துப்போன ஓர் இசை நாடகத்தில் மகன் மேடை உதவியாளர். நாயகி மேரி டைலர் மூர். பின்னாளில் மூருக்கு ஒரு கடிதம் போட்டுத்தான் டிவிக்குள் வந்தார். தோல்வியிலும் ஓர் அறிமுகம் மிஞ்சுகிறது, பாருங்கள்.

‘சியர்ஸ்’ படப்பிடிப்பில் எதிரே நிஜமான பார்வையாளர்கள் இருப்பார்கள். அவர்கள் சிரிக்காவிட்டால் எழுத்தாளர்கள் அங்கேயே வசனத்தை மாற்றுவார்கள். சிரித்தால் நடிகர் அடுத்த வரியை விழுங்காமல் காத்திருப்பார். நம் ஊர் சீரியல் செட்டில் அப்படி யாரும் உட்காருவதில்லை. சிரிப்புக்கான அந்த இடைவெளியை இயக்குநர்தான் ஊகிக்க வேண்டும். பலர் அதை என் தலையில் கட்டிவிடுகிறார்கள். வசனத்தைக் கேட்பவரின் முகத்தைக் காட்டும் ரியாக்‌ஷன் ஷாட்டே எடுக்காமல் வந்தால் நான் எதைக் கொண்டு காத்திருப்பது?

அதனால் காமெடி எடுக்க வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று சொல்கிறேன். ஒத்திகையில் ஒருமுறையாவது முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். வசனத்தை மட்டும் கேளுங்கள்.

போன மாதம் ஓர் இளம் இயக்குநர் வழக்கம்போல் சவுண்டு கேட்டார். திரையை அணைத்துவிட்டு ஆடியோவை மட்டும் ஓட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். “பஞ்ச்சுக்கு அப்புறம் ரெண்டு வரி சும்மா பேசுறாங்கண்ணே, தூக்கிடுங்க.” தூக்கினேன். சவுண்டு தேவைப்படவில்லை.