எதிர்ப்பொருள் குறைந்த பிறகும் காவல் இருக்கிறதா?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே போட்டுக்கொண்ட செவிலியர் ஒருவர், அண்மை ரத்தப் பரிசோதனையில், கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் புரதமான எதிர்ப்பொருளின் அளவு 4 என்று வந்திருப்பதாகவும், பாதுகாப்புக்கு 10 வேண்டும் என்கிறார்களே, இனித் தமக்கு ஆபத்துதானா என்றும் கேட்டிருந்தார்.

அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 6 முதல் 30 சதவீதம். மேசை விளிம்பில் உலர்ந்து கறையாகிவிட்ட ரத்தத்தில்கூட இந்த வைரஸ் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கும்.

தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. அதை எதிர்கொள்ளும் பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் பெருகி, சில எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களாகவும், சில நினைவுச் செல்களாகவும் பிரிகின்றன. சுரப்பவை ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால் பரிசோதனை எண்ணும் இறங்குகிறது. ஆனால் மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் காத்திருக்கும் நினைவுச் செல்களை அந்தப் பரிசோதனை எண்ணுவதே இல்லை. வைரஸ் நுழைந்ததும் அவை விழித்துப் பெருகி, சில நாட்களிலேயே புதிய எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. ஃப்ளூ வைரஸ் இரண்டே நாட்களில் காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும்; அந்த வேகத்துக்கு நினைவுச் செல்களால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். ஹெபடைடிஸ் பி நோய்க்குறிகளைக் காட்டச் சராசரியாக 90 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. எதிரியின் இந்த நிதானமே நமக்குக் கிடைக்கும் அவகாசமாக அமைவதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த உறுதி, நோய் எதிர்ப்பாற்றல் குன்றாதவர்களில், ஒரு முறையேனும் 10-ஐத் தொட்டவர்களுக்கே பொருந்தும். அதனால்தான் மூன்றாம் தவணைக்குப் பின் ஒன்று இரண்டு மாதங்களுக்குள் அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்போது எட்டாதவர்களுக்கு இன்னொரு சுற்றுத் தடுப்பூசி உண்டு. அதிலும் எட்டாதவர்கள், தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். கழிவுப் பையைத் தூக்கும்போது உள்ளிருந்து நீட்டிய ஊசி தொடையில் குத்தும் துப்புரவுப் பணியாளருக்கும் இந்தத் தடுப்பூசியும் பரிசோதனையும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்ட செவிலியர் முதலில் தம் பழைய பரிசோதனைச் சீட்டைத் தேடட்டும். அதில் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்றைய 4-ஐக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அப்படி ஒரு பரிசோதனையே நடந்திருக்கவில்லை என்றால், இப்போது ஒரு தவணை போட்டுக்கொண்டு, ஒன்று இரண்டு மாதங்களில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.