எட்டு ஆரக்கால்கள், இரண்டு கடிகாரங்கள்

இங்கிலாந்தில் தோன்றிய விக்கா என்னும் புதிய சமயத்தாருக்கு ஆண்டில் எட்டுப் பருவ விழாக்கள். அவற்றை 'ஆண்டுச் சக்கரம்' என்று வட்டமாக வரைந்து, எட்டு ஆரக்கால்களையும் சம இடைவெளியில் போடுவார்கள். நாள்காட்டியை வைத்து எண்ணினால் கதை வேறு. அக்டோபர் 31 சவினிலிருந்து டிசம்பர் 21 வாக்கில் வரும் யூல்வரை 51 நாள். அங்கிருந்து பிப்ரவரி 1 இம்போல்க்வரை 42 நாள்தான். மொத்தத்தில் இடைவெளி 39 நாளிலிருந்து 52 நாள்வரை ஏறி இறங்குகிறது. வண்டியில் மாட்டினால் குடைசாயும்.

சக்கரத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுவதால் வந்த கோணல் இது. ஒன்று சூரியன். மற்றது ஆடுமாடு.

முதலில் சூரியன். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் லண்டனில் ஜூன் 21 அன்று பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர் 21 அன்று 8 மணி நேரம்கூடத் தேறாது. இந்த ஏற்ற இறக்கம் ஒரே சீராக நடப்பதில்லை. ஊஞ்சலைப் பாருங்கள்: நடுவில் விர்ரென்று போகும், இரு முனைகளிலும் ஒரு கணம் தயங்கி நிற்கும். பகலின் நீளமும் அப்படித்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் லண்டனின் பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் கூடும் அல்லது குறையும். டிசம்பர் 21ஐ ஒட்டி மாற்றம் சில நொடிகள் மட்டுமே. ஊஞ்சலின் இரு முனைகள் டிசம்பரின் யூலும் ஜூனின் லீதாவும். விரைந்து கடக்கும் நடுப்புள்ளிகள் மார்ச்சின் ஓஸ்டாராவும் செப்டம்பரின் மேபனும்.

இந்த நான்குகூடச் சம இடைவெளியில் இல்லை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, அப்போது வேகமும் கூடுகிறது. எனவே டிசம்பரிலிருந்து மார்ச்வரையுள்ள கால்வட்டத்தை 89 நாளில் ஓடிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை அதே கால்வட்டத்துக்குக் கிட்டத்தட்ட 94 நாள் எடுத்துக்கொள்ளும்.

இனி இரண்டாவது கடிகாரம். சவின், இம்போல்க், பெல்டேன், லூனசா நான்கும் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்து மேய்ச்சல் மக்களின் விழாக்கள். மே முதல் நாள் பெல்டேன்: கோடை மேய்ச்சலுக்குக் கிளம்பும் மாடுகளை நோய் அண்டாதிருக்க இரு தீக்குண்டங்களுக்கு நடுவே ஓட்டினார்கள் என்று பழைய ஐரிஷ் சொற்கோவை சொல்கிறது. சவினில் மந்தை திரும்பும். குளிர்காலத் தீவனத்துக்குக் கட்டாத விலங்குகளை அறுப்பார்கள். ஆகஸ்ட் 1 லூனசா அறுவடைத் தொடக்கம்.

எனக்கு மிகப் பிடித்தது இம்போல்க். அதே சொற்கோவை இந்தப் பெயரை ஆட்டுப்பாலோடு சேர்த்து விளக்குகிறது. உறைபனி மாதத்தில் பால் எங்கிருந்து வந்தது? விடை ஆட்டின் மூளைக்குள் இருக்கிறது. இருட்டில் பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கும். இரவு நீள நீள அது சுரக்கும் நேரமும் நீளும். குளிர்நாட்டுச் செம்மறியின் உடல் இதைக் கொண்டே பருவத்தைக் கணிக்கிறது: கோடை கழிந்து இரவு நீளத் தொடங்கியதும் பெட்டை இணைக்குத் தயாராகும். சினைக்காலம் ஏறத்தாழ 5 மாதம். செப்டம்பரில் சினைப்பட்டது பிப்ரவரியில் ஈனும், பால் சுரக்கும். குட்டி பால் மறக்கும் வேளைக்கு வெளியே புல் தழைத்திருக்கும். ஆக இரண்டாவது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் அதே சாய்ந்த அச்சுதான். என்ன, முள் சற்றுப் பின்தங்கி நகர்கிறது.

இரு கடிகாரங்களையும் ஒரே சட்டத்தில் பூட்டியது அண்மையில்தான். ஆயிரமாயிரம் ஆண்டு மாறாமல் வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எட்டையும் ஒன்றாகக் கொண்டாடிய பழங்குடி எதுவும் நமக்குத் தெரிந்த வரலாற்றில் இல்லை. விக்கா 20ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர் பரப்பிய சமயம். அவருடைய பிரிக்கெட் உட் குழுவினர் 1950களின் இறுதியில் சூரிய நாள்கள் நான்கையும் மேய்ச்சல் விழாக்களுக்கு ஈடாக உயர்த்தினார்கள். மேபன் என்ற பெயர் இன்னும் இளையது. 1970களில் அமெரிக்கரான ஏடன் கெல்லி சூட்டியது. இதில் எனக்கொரு வேடிக்கை: கார்ட்னர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பின்பு மலாயாவில் சுங்க அதிகாரி. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஊஞ்சல் அசையவே அசையாத ஊர்களில் காலம் கழித்தவர் தொடங்கிய சமயம்தான் கதிரவனின் ஊசலாட்டத்தை விழாவாக்கியது.

நான்கு மேய்ச்சல் விழாக்களையும் அடுத்தடுத்த இரு சூரிய நாள்களின் சரியான நடுவுக்கு நகர்த்தச் சிலர் சூரியனின் இருப்பைக் கணக்கிடுகிறார்கள். அப்போது இம்போல்க் பிப்ரவரி 4 வாக்கிலும் சவின் நவம்பர் 7 வாக்கிலும் விழும். ஆரக்கால்கள் ஓரளவு சமமாகும்; ஆனால் ஊரார் மே 1 என்று கொண்டாடிய பழக்கம் போய்விடும். பெரும்பாலோர் பழைய தேதியையே வைத்துக்கொள்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பலர் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பிவிட்டார்கள்: யூல் ஜூனில், சவின் ஏப்ரல் முடிவில். கடைகளில் அக்டோபரில் ஹாலோவீன் பூசணி தொங்கும்போது இவர்கள் வசந்தத்தின் பெல்டேன் தீயை மூட்டுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிப் போன செம்மறிகள் இதற்கு வெகுகாலம் முன்பே, யாரையும் கேட்காமல், ஈனும் மாதத்தை மாற்றிக்கொண்டிருந்தன.