வூஷியா: இதில் தற்காப்பு எங்கே வந்தது?

ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் தயாரிப்பில் கிங் ஹு இயக்கி 1966-ல் வெளிவந்த ‘கம் டிரிங்க் வித் மீ’ பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்களுக்கு முதல் வரியிலேயே ‘தற்காப்புக் கலைப் படம்’ வந்துவிடுகிறது. படித்துப் படித்து அலுத்துவிட்டது.

இவ்வகைப் படங்களுக்குச் சீனப் பெயர் வூஷியா. ‘வூ’ என்றால் போர்த்திறம். ‘ஷியா’ என்றால் அந்தத் திறத்தை எளியவருக்காகச் செலவிடுகிறவர். பழைய சொல்தான், பண்டைச் சீன வரலாற்றாசிரியர் சீமா சியன் தம் நூலில் ஊர்சுற்றும் ஷியாக்களுக்குத் தனி இயலே ஒதுக்கியிருக்கிறார்.

தற்காப்பு என்றால் தன்னைக் காத்துக்கொள்வது. படத்தில் நடிகை செங் பெய்-பெய் ஏற்ற ‘பொன் தகைவிலான்’ (தகைவிலான் ஒரு சிறு பறவை) என்னும் பாத்திரம் ஆளுநரின் மகள். பிடிபட்ட தங்கள் தலைவனை விடுவிக்கக் கொள்ளையர்கள் அவள் அண்ணனைப் பணயமாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அவள் ஆண் உடையில் சத்திரத்துக்குள் நுழைந்து, அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே போய் உட்காருகிறாள். தன்னைக் காப்பதுதான் நோக்கம் என்றால் வீட்டிலேயே இருந்திருப்பாளே! கராத்தே வகுப்பின் பெயர்ப்பலகைக்குத் ‘தற்காப்புக் கலை’ பொருந்தும். பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் கேட்பதும் அதைத்தான். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதினேன் என்றும் தப்பிக்க முடியாது. அங்கிருக்கும் ‘மார்ஷியல் ஆர்ட்ஸ்’ என்ற சொல்லுக்கும் போர்க்கலை என்றுதான் பொருள். ‘குங்ஃபூ படம்’ என்பாரும் உண்டு. அது கைகால் சண்டை; இவள் கைகளில் இருப்பவை இரண்டு குறுவாள்கள்.

‘அறமறவர் படம்’ என்பதே என் தேர்வு. அறமும் மறமும் எதிர்ச்சொற்கள் ஆயிற்றே என்பார்கள். ஷியாவின் சிக்கலே அதுதான். இவர்கள் வலிமையால் தடையை மீறுகிறார்கள் என்று அரசின் பக்கம் நின்று குறைப்பட்டவர் பண்டைச் சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய். ‘மறத்திற்கும் அஃதே துணை’ என்று அன்பைச் சொன்ன குறளைப் படித்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை விளங்காமல் போகாது. சாதிப்பெயர் ஆகிவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம். சங்கப் பாடல்களில் மறவர் என்றால் போர்வீரர்.

‘அறவீரர்’ போதாதா? போதாது. சதுரங்கப் பலகைமுன் உட்காருகிறவர் முதல் கிரிக்கெட் பந்து வீசுகிறவர் வரை எல்லோரையும் ‘வீரர்’ ஆக்கி அந்தச் சொல்லை நாளிதழ்கள் தேய்த்துவிட்டன.

படத்தின் சீனத் தலைப்பிலேயே ஷியா இருக்கிறது: ‘தா சுயி ஷியா’. நஞ்சேறி விழுந்தவளைக் காப்பாற்றும் குடிகாரனைக் குறிக்கிறது அது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் கணக்கில் அவனும் தற்காப்புக் கலைஞன்தான்.